சக்கரவர்த்தி மெத்தையும் சின்ன மருமகளும்

சின்ன மருமகள் போன வாரம் வாக்குக் கொடுத்ததிலிருந்து, அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வாக்கு இதுதான். கடைசியாக ஒரே ஒரு டாக்டரைப் பார்ப்பது. அவரும் 'உடம்புக்கு ஒன்றுமில்லை' என்று கைவிரித்துவிட்டால், மறுபேச்சுப் பேசாமல் மறுநாள் காலை வண்டியேறி, மலைமேல் நடக்கும் மனப்பாங்கு மாற்று முகாமில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவது. அங்கே விடியலில் எழுப்பி, மைக் வைத்துச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பார்களாம்.

முகாமுக்கு ஏற்பாடு செய்தவர் கணவனின் அண்ணன். மெத்தைக் கடை முதலாளி. 'எங்கள் மெத்தையில் வலிக்கு இடமில்லை' என்று கடை வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருப்பவர். அப்படிப்பட்டவருடைய வீட்டுக்குள்ளேயே ஒருத்தி, அவருடைய மெத்தையிலேயே படுத்து எழுந்து, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று காலைதோறும் சொன்னால்? குடை வியாபாரி வீட்டுக் கூரை ஒழுகின மாதிரிதான்.

ஆகவே முதலாளி யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மெத்தையில் குறை இருக்க முடியாது. உடம்பிலும் குறை இல்லை. ரத்தம் முதல் எலும்பு வரை எடுத்த பரிசோதனை எல்லாம் சுத்தம். மிச்சம் இருப்பது குணம். கோளாறு அதில்தான்.

அதற்கு அவரிடம் சான்றுகளும் இருந்தன. சட்டையின் கழுத்தில் இருக்கும் துணுக்கு லேபிள் குத்துகிறது என்று வெட்டி எறிகிறாள். டியூப்லைட்டைப் பார்த்தால் கண்ணை இடுக்குகிறாள். மூன்றாவது அறையில் பினாயில் திறந்தால் இவளுக்குத் தலை சுற்றுகிறது. தட்டில் கரண்டி உரசினால் பல்லைக் கடிக்கிறாள். மின்விசிறிக் காற்று தோலில் படுவதே வலிக்கிறதாம். காற்று! வலிக்கிறதாம்!

போதாக்குறைக்கு, அவள் வேலை பார்ப்பது அதே கடையின் புகார் மேஜையில். 'மெத்தை குத்துது', 'மெத்தை குழி விழுந்துடுச்சு' என்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் சொல்வதையெல்லாம் கேட்பது அவள் பொறுப்பு. கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. நம்பவும் செய்தாள். அதுதான் முதலாளிக்குத் தாங்கவில்லை.

* * *

அன்று காலை முதலாளி சாப்பாட்டு மேஜைக்கு வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை வந்துவிட்டது. சின்ன மருமகள் காப்பிக் கோப்பையை மூக்கருகே பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, பெட்டி கட்டியாச்சா?"

"டாக்டரைப் பார்த்துட்டு வந்து கட்டறேன் மாமா."

"கட்டி வச்சுட்டுப் போய்ப் பாரேன். எப்படியும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லப்போறாங்க."

மேஜையின் மறுமுனையில் மாமியார் தன் மகன்கள் இருவரையும் பார்க்காமல் ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல வலிச்சா வாயைத் திறந்து சொன்னோமா?" என்று ரொட்டியிடம் கேட்டாள். பிறகு எழுந்து போய் மேஜைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தாள்.

"அம்மா, நான் சாப்பிடறேன்ல!" என்றார் முதலாளி.

"வாய் எங்க இருக்குன்னு தெரியாதா உனக்கு? பகல்ல எதுக்கு லைட்டு? கரண்டு சும்மாவா வருது?"

அந்த வீட்டில் மாமியாரின் சிக்கனம் பேர்போனது. விளக்கை அணைப்பாள். டிவியின் சத்தத்தைக் குறைப்பாள். சத்தத்துக்கும் கரண்டு செலவாகும் என்பது அவள் கட்சி. தையல் வெளியே தெரிய சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். கேட்டால், நல்ல பக்கம் வெளுக்காமல் இருக்கட்டும் என்பாள்.

முதலாளி தம்பியின் பக்கம் திரும்பினார். தம்பிக்குக் கடையிலும் வீட்டிலும் பட்டப்பெயர் 'ஆகட்டும்'. அண்ணன் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து வருவது அந்த ஒரே சொல் என்பதால்.

"சாயந்தரம் கடையில நடக்கற விழாவுக்கு மூணு மெத்தையும் எடுத்து வச்சுட்டியாடா?"

"ஆகட்டும்ணே."

"வச்சுட்டியான்னு கேட்டா ஆகட்டும்ங்கிறான் பாரு!"

"விடிஞ்சதும் போய் வச்சுட்டேண்ணே."

"சக்கரவர்த்தி மெத்தை நடுவுல இருக்கணும். வந்தவங்க முன்னாடி உன் பெண்டாட்டி அதுல படுத்து எழுந்து நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும். முகாமுக்குப் போறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கு ஒரு உபகாரம்."

"ஆகட்டும்ணே" என்றான். இந்த முறை மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

* * *

டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு டிவி யாருக்காகவோ கத்திக்கொண்டிருந்தது. சின்ன மருமகள் சுவரோரமாக உட்கார்ந்து, காதைப் பொத்தாமல் பொத்துவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் பக்கத்தில் இருந்த கணவன். "கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"காலையில மெத்தையை எல்லாம் வச்சேன்ல? பக்கவாட்டுல பட்டையா ஒரு லேபிள் தைச்சிருந்தாங்க. விரிப்பு போட்டாலும் உனக்குக் குத்தும்னு நினைச்சேன். பிளேடு எடுத்து வெட்டிட்டேன்."

"எதுல?"

"மூணுலயும். உன்னை எதுல படுக்க வைப்பாருன்னு அப்ப நிச்சயமாத் தெரியாதே."

சக்கரவர்த்தி, மந்திரி, சிப்பாய் என்று மூன்று மெத்தைகள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இந்த விழாவுக்கென்று மூன்றையும் ஒரே உயரத்தில் தைத்து, ஒரே வெள்ளை உறை போட்டிருந்தார்கள். 'மனிதனுக்கும் மெத்தைக்கும் குணம் உள்ளேதான் இருக்கிறது' என்பது விழாவின் தத்துவம். எது எது என்று சொல்ல வெளியில் இருந்த ஒரே அடையாளம் அந்த லேபிள்தான்.

அவள் அவனை மெதுவாகப் பார்த்தாள். "அப்ப எது சக்கரவர்த்தின்னு எப்படித் தெரியும்?"

"நடுவுல இருக்கறதுதான்." கொஞ்சம் யோசித்தான். "வெட்டறதுக்காக மூணையும் இழுத்துப் போட்டேன். திரும்ப அதே மாதிரிதான் வச்சேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க."

"நினைக்கிறேன்."

அவள் தன் விரல்களை அவன் கைமேல் வைத்தாள். பிடித்தால் வலிக்கும், வைத்தால் வலிக்காது. அவன் அதைத் தெரிந்துகொண்டு கையை அசைக்காமல் வைத்திருந்தான். மூக்கு அரித்தது. அப்போதும் அசைக்கவில்லை.

* * *

டாக்டரம்மா பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். சின்ன மருமகள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி வரப்போவது அவளுக்கு மனப்பாடம். எல்லாம் நார்மல். நல்லா சாப்பிடுங்க. எதையும் மனசுல போட்டுக்காதீங்க.

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். விளக்கை அணைத்தார். சன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்பப் பரவாயில்லையா?"

சின்ன மருமகள் மெல்லத் தலையாட்டினாள். இத்தனை வருடத்தில், இவள் வாய்திறந்து கெஞ்சாமல், இவளுக்காகவென்றே ஒருவர் எழுந்து போய் விளக்கை அணைத்தது இதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வெளிச்சத்தால் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, விளக்குதான் அணைந்துவிட்டதே.

டாக்டரம்மா தன் கட்டைவிரலால் அவள் தோளில் ஓர் இடத்தில் அழுத்தினார். அவள் துள்ளினாள். முழங்கையருகே, முழங்காலின் உள்பக்கம், பிடரியில். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு மூச்சு நின்று வந்தது. பிறகு கணவனைக் கூப்பிட்டு, அதே இடங்களில் அதே அளவு அழுத்தினார்.

"வலிக்குதா?"

"நல்லா இருக்கு டாக்டர். இன்னும் கொஞ்சம் அழுத்தினா தூங்கிடுவேன்."

"உங்க மனைவிக்கும் இவ்வளவுதான் அழுத்தினேன்" என்றார் டாக்டரம்மா. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு கேள்விகள். தூங்கி எழுந்தால் களைப்பாக இருக்கிறதா? பேசிக்கொண்டிருக்கும்போது சொல் மறந்து போகிறதா? சத்தம், வாசனை, வெளிச்சம், துணி? எல்லாவற்றுக்கும் ஆமாம். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சு முடிக்கணும்னு நினைக்கிறவங்களா நீங்க? அதிகமாக் கவலைப்படுவீங்களா?"

இதோ, குணம் வந்துவிட்டது. "ஆமாம் டாக்டர்" என்றாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதனாலதான் வலிக்குதுன்னு வீட்ல சொல்றாங்க."

"இந்த நோய் இருக்கறவங்கள்ல நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க. கவலை வலியைக் கூட்டும். வலி கவலையைக் கூட்டும். எது முதல்லன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா ஒண்ணு. கவலைப்படறவங்களுக்கு வந்த வலி பொய் வலி ஆயிடாது. கோபக்காரன் கால் உடைஞ்சா, கோபத்துக்கா மாவுக்கட்டு போடறோம்?"

"அப்ப எனக்கு... ஏதோ இருக்கா?"

"இருக்கு. ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரு."

"இருக்கா!" என்று அவள் சிரித்தாள். நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்துப் பழகியவர் போல டாக்டரம்மா காத்திருந்தார்.

"பரிசோதனை எல்லாம் நார்மல்னு வந்துச்சே டாக்டர்?" என்றான் கணவன்.

"வேற பெரிய வியாதி இல்லைன்னுதான் அதுக்கு அர்த்தம். வலி இல்லைன்னு இல்லை. வாசல் மணி இருக்குல்ல? ஆள் வந்து அழுத்தினா அடிக்கணும். இவங்க வீட்டு மணி காத்தடிச்சாலே அடிக்குது. மணி அடிக்கறது நிஜம். வாசல்ல திருடன் இல்லைங்கறதும் நிஜம். முழுசா நிறுத்திடலாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். குறைக்கலாம். தூக்கத்தைச் சரி பண்ணுவோம், மெதுவா நடக்க ஆரம்பிங்க, ஒரு மாத்திரை தரேன். சத்தத்துலயும் வெளிச்சத்துலயும் போய் வீரம் காட்ட வேண்டாம்."

"நாளைக்கு ஒரு முகாமுக்கு அனுப்பறாங்க. மைக் வச்சு எல்லாரும் சேர்ந்து சிரிப்பாங்களாம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அனுப்பறவங்களை அனுப்புங்க" என்றார்.

* * *

அன்று மாலை கடையிடம் கல்யாண வீடு தோற்றது. எல்லா விளக்கும் எரிந்தன. நான்கு மூலையிலும் பாட்டு. மூலைக்கு மூலை வாசனைத் தெளிப்பான் வேறு. மாமியார் பின்வரிசையில் உட்கார்ந்து, "பாதி லைட்டை அணைச்சா என்ன குடியா முழுகிடும்?" என்று பக்கத்து நாற்காலியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்ன மருமகள் கறுப்புக் கண்ணாடியோடு வாசலருகே உட்கார்ந்தாள். முதலாளி குனிந்து கிசுகிசுத்தார்.

"என்ன வேஷம் இது? டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"இருக்குன்னு சொன்னாங்க மாமா. ஃபைப்ரோமயால்ஜியான்னு பேரும் சொன்னாங்க."

"பேரா?" முதலாளி சிரித்தார். "பேர் யார் வேணா வைக்கலாம்மா. நான் பஞ்சு மூட்டைக்குச் சக்கரவர்த்தின்னு பேர் வைக்கலையா?"

அவர் தன் தொழிலைப் பற்றி உண்மை பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

விழா நாயகர் குணவித்தகர். அந்தப் பட்டத்தை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டவர். வேறு யாரிடமும் வாங்கினால் நன்றிக்கடன் பட வேண்டியிருக்குமே. மலைமேல் முகாமும் அவருடையதுதான். மனிதர்கள் மூன்றே வகை என்றார். சக்கரவர்த்தி குணம், மந்திரி குணம், சிப்பாய் குணம். அவரவர் குணத்துக்கு அவரவர் மெத்தை.

"சக்கரவர்த்தி குணமுள்ளவரைச் சிப்பாய் மெத்தையில் படுக்க வைத்துப் பாருங்கள்! ஒரு கணம் தாங்க மாட்டார். முதுகு எழுந்து நின்று முறையிடும்!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விடுதிக்காரர் தலையாட்டினார். அவருடைய விடுதி அறைகளுக்கெல்லாம் மெத்தை மாற்றப்போகிறார் என்பதால்தான் இத்தனை விளக்கும்.

"இன்னும் சிலர் உண்டு" என்று குணவித்தகர் வாசல் பக்கம் பார்த்தார். "எந்த மெத்தையிலும் குறை காண்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது மெத்தையல்ல, குணமாற்றம். இப்போது முதலாளியே நமக்குக் காட்டுவார்!"

சின்ன மருமகளைப் படுக்க வைக்கும் திட்டத்தைக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததுமே முதலாளி கைவிட்டிருந்தார். தானே நடு மெத்தையில் ஏறிப் படுத்தார். கண்களை மூடினார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"ஆஹா" என்றார். "மேகம். மேகம் என்னைத் தாங்குது. முதுகுல இருந்த முடிச்செல்லாம் ஒவ்வொண்ணா அவுருது. சிப்பாய் மெத்தையா இருந்தா இந்நேரம் இடுப்பு செத்திருக்கும். இதுதாங்க சக்கரவர்த்தி!"

கைதட்டினார்கள். விடுதிக்காரர் எழுந்து வந்தார்.

"குணம் உள்ளேதான் இருக்குன்னு சொன்னீங்க. உள்ளே கொஞ்சம் பார்க்கலாமா?"

"தாராளமா!" முதலாளி படுத்தபடியே கையை வீசினார். "டேய், ஜிப்பைத் திற."

"ஆகட்டும்ணே" என்ற குரல் அன்றைக்கு வழக்கத்தைவிட மெலிந்திருந்தது.

கால்மாட்டு ஜிப் திறந்தது. சுவரில் முதலாளியே மாட்டியிருந்த விளக்கப் படத்தில் சக்கரவர்த்திக்கு உள்ளே வெள்ளை, மந்திரிக்கு நீலம், சிப்பாய்க்கு மஞ்சள் என்று பெரிதாகப் போட்டிருந்தது. உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது மஞ்சள் நுரை.

விடுதிக்காரர் படத்தைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார். மேகத்தில் மிதந்துகொண்டிருந்த முதலாளியைப் பார்த்தார்.

"இது சிப்பாய்ங்களே" என்றார்.

முதலாளி எழுந்த வேகத்தில் முதுகில் அவிழ்ந்திருந்த முடிச்செல்லாம் திரும்ப விழுந்திருக்கும். குணவித்தகர் தொண்டையைச் செருமினார். "சில சக்கரவர்த்திகள் எளிமையை விரும்புவார்கள்..." என்று தொடங்கினார். சிரிப்புச் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

"சக்கரவர்த்திக்கே சிப்பாய்ல இவ்வளவு சுகம்னா, எங்க விடுதிக்கு அதுவே போதும்" என்றார் விடுதிக்காரர். "எல்லா அறைக்கும் சிப்பாயே அனுப்பிடுங்க."

முதலாளி தம்பியின் பக்கம் திரும்பினார். "லேபிளை எவன்டா வெட்டினது?"

"நான்தாண்ணே."

"எதுக்கு?"

"அவளுக்குக் குத்தும்ணே."

"ஒரு துண்டுத் துணி குத்துமாடா? கற்பனைடா அது! அத்தனையும் கற்பனை!"

சின்ன மருமகள் எழுந்து வந்தாள். சிரித்ததில் அவளுக்கு விலா வலித்தது. வலித்தாலும் பரவாயில்லை என்று அவள் நினைத்த வலி அது ஒன்றுதான்.

"மாமா, நீங்க படுத்தப்ப சுகமா இருந்துச்சா இல்லையா?"

முதலாளி கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"இருந்துச்சு. முகத்துல தெரிஞ்சுது. உள்ள மஞ்சள் நுரைதான் இருந்துச்சுங்கறதுக்காக உங்க சுகம் பொய்னு நான் சொல்ல மாட்டேன். என் வலியையும் நீங்க அப்படி விட்டுடுங்க. அது போதும் எனக்கு."

அவள் குரலை உயர்த்தவில்லை. புகார் மேஜையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்தான். முதலாளி சுற்றிலும் பார்த்தார். அவருக்கு ஒத்தாசையாகப் பேச அங்கே மஞ்சள் நுரை மட்டும்தான் இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று தம்பியிடம் சிடுசிடுத்தார். "காலையில முகாமுக்கு வண்டி வரும். நீயே ஏத்தி விட்டுடு."

தம்பி வாயைத் திறந்தான். கடையே அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

"ஆகாதுண்ணே" என்றான்.

சொன்னது தானா என்று பார்ப்பவன் போல ஒருமுறை பக்கத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு மனைவியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற வழியில் விளக்குப் பலகையில் ஒரு வரிசையை அணைத்தான்.

* * *

வீட்டில் சின்ன மருமகள், மாமா சொன்னதற்காகக் காலையில் பாதி அடுக்கியிருந்த முகாம் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக நெஞ்சுமேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. தோள் வலித்தது. ஆனால் அதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே பாதி மருந்தாக இருந்தது.

மாமியார் உள்ளே வந்தாள். வழக்கம்போல முதலில் விளக்கை அணைத்தாள். நடைக்கூடத்து வெளிச்சம் போதுமானதாக இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் லைட்டை அணைச்சாங்கன்னு பையன் சொன்னான்."

"ஆமாம் அத்தை."

"நீ கேக்காமலேயேவா?"

"கேக்காமலேயே."

மாமியார் தலையாட்டினாள். "கரண்டு மிச்சம்" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

சின்ன மருமகள் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தையல் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்த மாமியாரின் சட்டையைப் பார்த்தாள். அதன் கழுத்தருகே, லேபிள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெட்டின நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பழைய வெட்டு. இந்த வீட்டுக்குச் சின்ன மருமகள் வருவதற்கு முந்தைய வெட்டாகக்கூட இருக்கலாம்.

"எந்த இடத்துல அழுத்தினாங்க?" என்றாள் மாமியார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தோள்ல அத்தை. இங்க."

"சும்மா கேட்டேன்." பிறகு அவள் மெல்ல நகர்ந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "பையன்கிட்ட சொல்லாதே. எனக்கும் ஒரு தடவை அழுத்திப் பாரேன்."

சின்ன மருமகள் கட்டைவிரலை மாமியாரின் தோளில் வைத்தாள்.

இன்னும் அழுத்தவே இல்லை. அதற்குள் மாமியாரின் கை, கட்டில் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டது.